ஏழு வருடக் கறுப்பு செடானுக்கு வீட்டிலேயே பாலிஷ்: கழுவுவதில் தொடங்கி சீலன்ட் வரை

வேலைக்கு எடுத்தது ஏழு வருடம் ஓடிய கறுப்பு ஹோண்டா சிட்டி. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளி பார்க்கிங்கில் நிற்கும் வண்டி. பாடியில் நசுங்கலோ துருவோ இல்லை. ஆனால் கறுப்பு, கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்துக் கிடந்தது. வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். இவற்றைத்தான் ஸ்வர்ல் என்கிறார்கள். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில், ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் கண்ணில் படுவதால் அப்படித் தெரிகிறது.

இந்தக் கீறல்கள் சாலையில் விழுந்தவை அல்ல, துடைத்துத் துடைத்து விழுந்தவை. காலையில் வண்டி துடைக்க வருபவர் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாகப் பத்து வண்டியை முடிக்கிறார். பத்தாவது வண்டிக்கு வரும்போது வாளியில் இருப்பது மண் குழம்பு. காய்ந்த தூசியின் மேல் டஸ்டரை இழுப்பதும் அதே கதைதான். எனவே பளபளப்பு என்பது மேலே எதையோ பூசி வருவதல்ல. கீறலை மட்டம் செய்து எடுப்பதும், புதிதாகக் கீறாமல் இருப்பதும்தான் மொத்த வேலை. மெழுகும் சீலன்ட்டும் கடைசியில் வரும் காவல் மட்டுமே. ஷோரூமில் மின்னும் புது வண்டிகளில் கூடப் பல, டெலிவரிக்கு முன் அவசரமாகக் கழுவிய கீறலை எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் போட்டு மறைத்ததுதான். நாலு கழுவலில் சாயம் வெளுக்கும்.

எவ்வளவு தேய்க்கலாம்

தகரத்தின் மேல் முதலில் துருக்காப்புப் பூச்சு, பிறகு பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர்கோட். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர்கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமனை விடக் குறைவு. கீறல் இருப்பது இந்த அடுக்கில். நாம் தேய்த்து எடுப்பதும் இதிலிருந்துதான். கடும் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை) ஒரு முறை ஓடினால் 2 முதல் 4 மைக்ரான் வரை போகும். அதற்குப் பின் வரும் மென்மையான ஃபினிஷிங் பாலிஷுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கிளியர்கோட்டில் கலந்திருக்கிறது என்பதால், தேயத் தேய வெயில் தாங்கும் சக்தியும் குறையும். வருடா வருடம் ‘ரப்பிங் பாலிஷ்’ போடும் வண்டிகளில் ரூஃப் தோலுரிவது இதனால்தான்.

தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் தொடங்கும் முன் எல்லாப் பாகத்தையும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இந்த வண்டியில் ரூஃப் 118 முதல் 124, பானெட் 108 முதல் 115, இடது பின்கதவு மட்டும் 230க்கு மேல். அந்தக் கதவு எப்போதோ மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. கூடுதல் தடிமனைப் பார்த்து இங்கே அதிகம் தேய்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. மீட்டர் சொல்வது மொத்தத் தடிமனைத்தான். அதில் கிளியர்கோட் எவ்வளவு, பட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஒர்க்‌ஷாப் பெயின்ட் கம்பெனி பெயின்ட் அளவு உயர்ந்த சூட்டில் வேகவைக்கப்படாததால் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். பானெட்டில் 90க்குக் கீழே காட்டினால் அங்கே காம்பவுண்டை மறந்துவிட்டு ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

தண்ணீர்

எங்கே வேலை தொடங்கினாலும் முதல் சிக்கல் போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைத்துப் பார்த்ததில் இங்கே 1400. இந்தத் தண்ணீர் ஒரு சொட்டு வெயிலில் காய்ந்தாலும் கால்சியம், மெக்னீசிய உப்பு வெள்ளை வட்டமாகத் தங்கும். ஆர்ஓ மெஷினின் கழிவுநீர் இன்னும் மோசம், உப்பு செறிந்து வெளியேறுவது அது. கழுவுவதற்குப் போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் வேறு தண்ணீர் வேண்டும். கைக்கெட்டும் வழி ஏசியிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. புழுக்கமான இரவில் பல லிட்டர் சேரும். காயிலில் இருந்து தூசியும் பாசியும் வரும் என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டி, பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பில் ஊற்றிக்கொண்டால் 5 லிட்டரில் ஒரு செடானை மேலிருந்து கீழ் வரை அலசிவிடலாம். பம்பு புதிதாக இருக்கட்டும், மருந்து அடித்த பம்பு வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு நிழலில் தொடங்குவது சரி. பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது.

முதலில் சக்கரம். அதற்குத் தனி வாளி, தனி பிரஷ், தனி துணி. அந்தத் துணி பாடிப் பக்கம் வரவே கூடாது. பிறகு பாடி முழுக்க வெறும் தண்ணீரைப் பீய்ச்சி, தொடாமலேயே போகக்கூடிய மண்ணை எல்லாம் போக்கவேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் முனையை ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் கிட்டே பிடித்தால் ஓரம் செதிளாக எழும்பி வரும். அடுத்தது இரண்டு வாளி. ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் பிஎச் சமநிலையுள்ள கார் ஷாம்பும், அளவு பாட்டிலில் போட்டபடி. மற்றதில் வெறும் தண்ணீர், அடியில் மண் தங்கும் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை (மிட்) ஷாம்பில் முக்கி ஒரு கதவைத் துடைத்ததும் வெறும் தண்ணீர் வாளியில் தட்டின் மேல் தேய்த்து அலசி, பிறகுதான் மறுபடி ஷாம்பு. மேலிருந்து கீழ், கதவின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் மெழுகை எடுத்துவிடும், வழுக்கலும் குறைவு. துணி துவைக்கும் பவுடர் பக்கமே போகவேண்டாம், கரையாத துகளே கீறும்.

ஈரத்தை எடுக்க, 1000 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) மேல் உள்ள முறுக்கு நூல் டவல் ஒன்றே போதும். விரித்துப் போட்டு இரு முனையையும் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் கைப்பிடி இடுக்கிலும் நிற்கும் தண்ணீர் பத்து நிமிஷம் கழித்து ஒழுகி வரும், அதைப் பார்த்துத் துடைக்கவும்.

ஒட்டிக்கிடப்பவை

கழுவிய பிறகும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். அதை எடுக்காமல் பாலிஷ் மெஷினை ஓட்டினால், அந்தத் துகளை மெஷினில் மாட்டிய ஃபோம் பேட் இழுத்துச் சென்று புதுக் கீறல் போடும்.

தார்ப்புள்ளி முதலில். டார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்தால் கரைந்து இழுபடும். மண்ணெண்ணெயிலும் கரையும், ஆனால் எண்ணெய்ப் படலம் விடும். பயன்படுத்தினால் அந்த இடத்தை உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கதவு ரப்பர் பீடிங்கில் படாமல் பாருங்கள், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பும். வாட்டர் சர்வீஸில் டீசல் அடிக்கச் சொல்பவர்களின் வண்டியில் ரப்பர் தொளதொளத்துப் போவது இப்படித்தான்.

அடுத்து இரும்புத் துகள். பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் தெறிப்பவை சூட்டோடு வந்து கிளியர்கோட்டில் குத்தி நிற்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் சகிக்காது, வெளியில்தான் செய்யவேண்டும். மூன்று நாலு நிமிஷம் போதும். காயவிட்டால் கறை பிடிக்கும்.

உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியில் நனைத்து இரண்டு நிமிஷம் போர்த்தி, உடனே அலசல். கறை போய்ப் பள்ளம் மட்டும் நின்றால், உப்பு கிளியர்கோட்டைத் தின்றுவிட்டது என்று பொருள். அதற்கு இனி பாலிஷ்தான். பறவை எச்சமும் அப்படியே. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் பெயின்ட் இளகும் நேரத்தில் காய்ந்து சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கும். மே மாத வெயிலில் ஒரு பகல் போதும். பார்த்தவுடன் நனைத்து ஊறவைத்து எடுக்கவேண்டும், காய்ந்ததைச் சுரண்டினால் எச்சத்தில் உள்ள விதைத்துகளே கீறிவிடும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுவென்று தேன் போலப் படிவதற்கும் அன்றன்றைக்கே வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீர்தான் மருந்து.

எல்லாம் முடிந்தபின் கிளே பார், ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. 100 கிராம் கட்டியில் பாதியை எடுத்து உள்ளங்கையளவு தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக ஸ்பிரே செய்து, எடை கொடுக்காமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டவேண்டும். முதலில் கரகரக்கும், சத்தம் நின்றதும் அந்த இடம் முடிந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் கிளேயை மடித்து உள்பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் விழுந்தால் எடுத்துக் கழுவி ஓட்டலாம் என்ற ஆசை வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். பாதியை மிச்சம் வைத்தது அதற்காகத்தான். கறுப்பு வண்டியில் கிளேயே மெல்லிய தடம் விடும். பாலிஷ் செய்யப் போவதில்லை என்றால் கிளேயும் வேண்டாம்.

மெஷின்

வீட்டில் முதல்முறை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது. ஒர்க்‌ஷாப்பில் பார்க்கும் ரோட்டரி ஒரே இடத்தில் சுழன்று சில நொடியில் ஓரத்தைச் சுட்டுவிடும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுழலும்போதே ஆடவும் செய்வதால் சூடு பரவிவிடும். 5 அங்குல பேக்கிங் பிளேட் (மெஷினில் பேட் ஒட்டும் தட்டு), அதற்கு ஐந்தரை அங்குல பேட். கட்டிங் ஃபோம் மூன்று, ஃபினிஷிங் ஃபோம் இரண்டு இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரே பேடில் முழு வண்டியையும் முடிக்க முயன்றால் பேட் சூடேறி வெல்க்ரோ பிய்ந்து வரும். காம்பவுண்ட் 250 மில்லி, ஃபினிஷிங் பாலிஷ் 250 மில்லி ஒரு செடானுக்குத் தாராளம். 350 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபர் துணி பத்தாவது வேண்டும், லேபிளை வெட்டிவிட்டு.

கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர் பீடிங், எம்பளம், பானெட்டின் கூரான மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். மடிப்பிலும் ஓரத்திலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்து நிற்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் ஏறினால் வெள்ளையாகக் காய்ந்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலும் போகாது.

முதலில் சோதனை. பானெட்டில் 40 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் கட்டி, மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ் என்று தொடங்கவேண்டும். அது போதாதென்றால் கட்டிங் பேடில் அதே பாலிஷ். அதுவும் போதாவிட்டால்தான் காம்பவுண்ட். இந்த வண்டியில் மூன்றாவது படிவரை போகவேண்டியிருந்தது. பொதுவாக ஹோண்டா, சுசூகி வண்டிகளின் கிளியர்கோட் மென்மை. எளிதில் கீறும், எளிதில் சரியாகும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கடினம், இரண்டுக்கும் நேரெதிர். வெள்ளைப் பேடில் வண்டியின் நிறம் ஒட்டி வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒன்று, அது கிளியர்கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்கு பெயின்ட். அல்லது கிளியர்கோட் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

ஓட்டும் முறை: புதுப் பேடில் முதல்முறை முழுப் பரப்பிலும் காம்பவுண்டை விரலால் தடவவும். அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு. பகுதி ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மிகாமல். வேகம் 1இல் வைத்துப் பரப்பி, பிறகு 4 அல்லது 5க்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்திக் குறுக்கும் நெடுக்குமாக நாலிலிருந்து ஆறு முறை. ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதைப் பாதி மூடவேண்டும். பேட் பரப்பில் தட்டையாகப் படிந்தபின்தான் சுவிட்ச் போடவேண்டும், தூக்கும் முன் நிறுத்தவேண்டும். இல்லையென்றால் காம்பவுண்ட் சுவரெல்லாம் தெறிக்கும். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், கழுவிய தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கிடத்தாதீர்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் அழுத்தம். பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரியும். கோடு நின்றுவிட்டால் பேட் சுழலவில்லை, வெறுமனே நடுங்குகிறது, கீறல் போகாது. காரணம் அழுத்தம் கூடியது, அல்லது வளைவில் பேட் ஒருச்சாய்ந்தது. மெஷினின் எடையோடு மூன்று நாலு கிலோ சேர்ந்தால் போதும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை நைலான் பிரஷால் சுத்தம் செய்யவேண்டும். தேய்ந்த கிளியர்கோட்டும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் படிந்து இறுகினால் வெட்டும் சக்தி போய், பரப்பில் வெண்பொடி பறக்கும். பொடி பறப்பதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு: காம்பவுண்டை அதிகம் போட்டது, பரப்பு சூடானது. சென்னையில் காலை பத்து மணிக்கு மேல் கறுப்பு பானெட்டில் காம்பவுண்ட் இரண்டு ஓட்டத்திலேயே காய்ந்துவிடும், தண்ணீர் தெளித்து இழுக்கும் தந்திரமும் பலிக்காது. அதோடு நிறுத்திவிட்டு மாலையில் தொடருங்கள். காம்பவுண்ட் ஒரு படி மட்டும், எல்லாப் பாகத்துக்கும், ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுக்கும்.

துடைத்ததும் மின்னுவதை நம்பவேண்டாம். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, சுத்தமான தண்ணீர் நாலு பங்கு கலந்து துடைத்துவிட்டு, இருட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கீறல் திரும்பி வந்தால் வேலை முடியவில்லை. கீறல் போய், மெல்லிய புகை படிந்தது போலத் தெரிந்தால் அது கட்டிங் பேட் விட்ட தடம். மென்மையான கறுப்பில் இது வந்தே தீரும். ஃபினிஷிங் ஃபோம், ஃபினிஷிங் பாலிஷ், வேகம் 3 முதல் 4, அழுத்தம் இல்லாமல் நாலு ஓட்டம். நிறத்தின் ஆழம் தெரிவது இந்தப் படியில்தான்.

நகம் மாட்டும் கீறல்களை விட்டுவிடவேண்டும். நகம் தடுக்கினால் அது கிளியர்கோட்டைத் தாண்டியது அல்லது தாண்டப்போவது. அதை மட்டம் செய்யச் சுற்றிலும் உள்ளதையெல்லாம் தேய்க்கவேண்டிவரும். விளிம்பை மழுக்கினாலே முக்கால்வாசி கண்ணுக்கு மறையும். இந்த வண்டியில் வலது முன்கதவில் சாவி உரசிய கோடுகள் இரண்டு அப்படியே நிற்கின்றன. முடித்தபின் பானெட்டை அளந்ததில் 105 முதல் 112. கிட்டத்தட்ட 3 மைக்ரான் போயிருக்கிறது, இனி மூன்று நாலு வருடத்துக்கு இங்கே காம்பவுண்ட் கூடாது.

காவல்

கார்னாபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், நம் வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியில் ஒன்றரை மாதம் தாண்டுவது அரிது. சிந்தெட்டிக் சீலன்ட் நாலைந்து மாதம் நிற்கும். டீலர்கள் விற்கும் டெஃப்லான் கோட்டிங் பெயரளவில்தான் டெஃப்லான். அந்தப் பொருள் ஒரு பரப்பில் உருகிப் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவு சூட்டில் பெயின்ட் மிஞ்சாது. நீங்கள் காசு கொடுப்பது ஒரு சாதாரண சீலன்ட்டுக்கு.

செராமிக் கோட்டிங் நல்லதுதான், ஆனால் திறந்தவெளி பார்க்கிங்கில் வைத்து வீட்டில் போடுவது சூதாட்டம். 32 டிகிரியும் புழுக்கமும் உள்ள நாளில் பூசிய அரை நிமிஷத்துக்குள் துடைத்தாகவேண்டும். விட்டுப்போன இடம் கறுப்புத் திட்டாக இறுகினால் மறுபடி மெஷின்தான். பூசியபின் 24 மணி நேரம் பனித்துளி கூடப் படக் கூடாது. 9எச் என்று டப்பாவில் போட்டிருப்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. வைரத்தோடு ஒப்பிடும் அளவுகோல் இல்லை. துடைக்கும் துணியில் மண் இருந்தால் செராமிக்கும் கீறும்.

எனவே இங்கே போட்டது சிந்தெட்டிக் சீலன்ட். ஆல்கஹால் துடைப்பு முடிந்ததும் ஃபோம் அப்ளிகேட்டரில் இரண்டு பாகத்துக்கு ஒரு ரூபாய் நாணய அளவு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக. அதிகம் போட்டால் துடைக்கும் வேலை மட்டுமே அதிகமாகும். விரலால் இழுத்துப் பார்த்து ஈரமில்லாமல் பிரிந்தால் துடைக்கலாம். மழைக்காலத்தில் 20 நிமிஷம் எடுத்தது ஏப்ரலில் ஏழெட்டு நிமிஷத்தில் ஆகும்.

டயருக்கும் டேஷ்போர்டுக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியை ஒட்டவைப்பதைத் தவிர அது எதுவும் செய்வதில்லை. நீர்சார்ந்த டிரெஸ்ஸிங்கைத் துணியில் எடுத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். டயரின் பக்கச்சுவருக்கு மட்டும். தரை தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட் ஒரு வாரம் வேலை செய்யும். பாலிகார்பனேட்டின் மேல் உள்ள காப்புப் பூச்சு வெயிலில் சிதைந்துதான் மஞ்சள் வருகிறது, அதை முழுக்க எடுக்கவேண்டும். 800, 1500, 2000, 3000 என்ற எண்ணுள்ள உப்புத்தாளை நனைத்துப் படிப்படியாக; ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஓட்டினால் பழைய கோடு போனதா என்று தெரியும். பிறகு காம்பவுண்ட், பிறகு புற ஊதாக் காப்புள்ள கிளியர் கட்டாயம். அதை விட்டால் சில மாதத்தில் முன்பை விட வேகமாக மஞ்சளாகும்.

இனி பராமரிப்பு. வாரம் ஒரு கழுவல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரே சீலன்ட். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பஞ்சு ஒட்டும், வாசனைக்கு ஊற்றும் சாஃப்ட்னர் நூலை மூடி ஈரம் உறிஞ்ச விடாது. காலையில் துடைக்க வருபவரிடம் கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், ஆனால் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் பாடியையும் துடைத்து நியாயம் செய்வார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தைப் பானெட்டில் வைக்காமல் முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துவிடலாம். பானெட்டில்தான் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அன்று மாலையே நனைத்து எடுங்கள். சாயம் கலந்த குங்குமம் வெள்ளை வண்டியில் ஊறினால் கறை நிற்கும், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் கறுப்பு வண்டியில் அந்த வட்டம் மட்டும் அடுத்த பாலிஷ் வரை தெரியும்.